வேகமுள் ஏன் விழுந்தது

ஒரு பொருள் சரியாக ஓடினால் போதாதா? ஏன் ஓடுகிறது என்பதும் தெரிந்தாக வேண்டுமா? படித்தவர்கள் இந்தக் கேள்வியை நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்பதுண்டு. குன்னூரில் தனசிங் என்ற எலக்ட்ரீஷியன் இதைப் பெரும்பாலும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி கேட்டார். பதில் கிடைக்கும்வரை வெளியே வருவதில்லை. அதனால் அவருக்கு வாடிக்கையாளர்கள் குறைவு.

அவரை மேதை என்று சொல்வதற்கில்லை. அவரைவிட வேகமாக வேலையை முடித்துக் கொடுப்பவர்கள் அதே சாலையில் இருந்தார்கள். சில வேலைகளில் அவர் காட்டிய பிடிவாதம் பயனற்றது என்றும் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு மே மாதத்தில் ஒரு வேனோடு அவர் பட்ட பாட்டை முழுதாகக் கேட்ட பிறகு, அந்தப் பிடிவாதத்தை வெறும் குணக்கோளாறு என்று ஒதுக்க முடியவில்லை.

தனசிங்கின் அப்பா வெள்ளோடை எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த கிறிஸ்தவக் குடும்பம். ஐ.டி.ஐ. முடித்ததும் தனசிங் அதே எஸ்டேட்டின் தேயிலை ஃபாக்டரியில் சேர்ந்தார். தேயிலை ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருப்பவனுக்குச் சில பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். தூள் மனிதர் வாய்க்குள் போகிற பொருள். ஆகவே அங்கே கையில் எடுத்த எதையும், அது ஒரு நட்டாகவே இருந்தாலும், துடைத்துவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும். தனசிங்கின் தோளில் எப்போதும் ஒரு துணி கிடந்தது. தேவாலயத்துக்குப் போகும்போதுகூடக் கை தோளுக்குப் போய் எதையோ தேடும் என்று அவர் மனைவி ஜூடித் சொல்வார்.

ஃபாக்டரியில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. கொழுந்து வாட்டும் தொட்டியின் விசிறி மோட்டார் ஒருநாள் தானாக நின்றது. சற்று நேரத்தில் தானாகவே ஓடத் தொடங்கியது. எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். தனசிங் போய் அதை மீண்டும் நிறுத்தினார்.

"ஓடறதை எதுக்குய்யா நிறுத்தறே?" என்று மேனேஜர் கத்தினார்.

"தானா ஓடினது தானா நிக்குங்க சார்."

எலி கடித்த ஒரு கம்பியைக் கண்டுபிடிக்கும்வரை அந்தத் தொட்டி ஓடவில்லை. மேனேஜர் அவரைப் பாராட்டவும் இல்லை, வேலையை விட்டு நீக்கவும் இல்லை.

பிறகு விலை விழுந்தது. இரண்டாயிரத்துப் பதினான்கு, பதினைந்து வாக்கில் பச்சைத் தேயிலையைப் பறிக்கும் கூலிகூட விற்பனையில் திரும்பவில்லை. சிறு விவசாயிகள் பறிக்காமல் விட்ட செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து மரமாயின. வெள்ளோடை ஃபாக்டரி முதலில் ஒரு ஷிப்டை நிறுத்தியது, அப்புறம் கதவையே சாத்தியது. தனசிங் வெலிங்டன் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கத் தொடங்கினார். பக்கத்துக் கொட்டகையில் எஞ்சின் மெக்கானிக் பிராங்ளின். வயதில் இளையவன், வாய் ஓயாதவன், வேலையில் சுத்தக்காரன்.

ஃபாக்டரியோடு சேர்ந்து இன்னொன்றும் நின்றது. மேல் டிவிஷனில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பிள்ளைகளைக் குன்னூர்ப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த எஸ்டேட் வண்டி அது. அந்த இடத்தைத் தெய்வம்மாவின் வேன் நிரப்பியது.

தெய்வம்மாவின் பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். கணவர் தங்கவேலு நிழல்மரம் கழிக்கும்போது விழுந்து முதுகு ஒடிந்து வீட்டோடு இருந்தார். அவர் ஓட்டிய வேனைத் தெய்வம்மா ஓட்டக் கற்றுக்கொண்டார், பேட்ஜும் வாங்கினார். காலையில் பிள்ளைகள், பகலில் கேரட் கழுவப் போகும் பெண்கள், மாலையில் மறுபடி பிள்ளைகள். அவர் மகள் பிரியாவும் அதே வேனில்தான் பத்தாம் வகுப்புக்குப் போய் வந்தாள்.

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் கோத்தகிரி ஏற்றத்தில் எஞ்சின் உடைந்தது. பிராங்ளின் கோயம்புத்தூரிலிருந்து கியர்பாக்ஸோடு சேர்ந்த பழைய எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினான். அதன் வயரிங்கையும் சென்சாரையும் இணைத்தவர் தனசிங். எஞ்சின் அருமையாகப் பாடியது. அதில் அவன் குறை வைக்கவில்லை.

தொல்லை வேகமுள்ளில் வந்தது. வண்டி கிளம்பும்போது முள் ஒழுங்காக ஏறும். சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு நடுங்கும், அப்புறம் பொத்தென்று பூஜ்யத்தில் விழும். வெறும் முள் என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பிள்ளைகளை ஏற்றும் வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பெட்டி இருந்தாக வேண்டும். கியர்பாக்ஸின் வாலில் உள்ள சென்சார்தான் அந்தப் பெட்டிக்கும் வேகத்தைச் சொல்கிறது. சென்சார் பேச்சை நிறுத்தினால், யாரோ வேண்டுமென்றே கழற்றிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு பெட்டி எஞ்சினை அமுக்கிவிடும். ஏற்றத்தில் வேன் நடக்கிற ஆளைவிட மெதுவாக ஊர்ந்தது. பின்னால் வரும் லாரிகள் ஹாரன் அடித்தன. இந்த நிலையில் ஊட்டிக்குக் கொண்டுபோனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் கிடைக்காது. எஃப்.சி. இல்லாமல் பிள்ளைகளை ஏற்ற முடியாது.

ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும். லயத்துக்கு, பெண்பிள்ளைகளை வேலைக்குப் பிடிக்கும் திருப்பூர் மில் ஏஜெண்டு ஒருவன் வந்துபோய்க் கொண்டிருந்தான். "வண்டியில்லைன்னா பொட்டப் புள்ளைங்க எப்படிம்மா போகும்?" என்று வீடுவீடாக அக்கறையோடு கேட்டான். தெய்வம்மா கொட்டகைக்கு வந்து சொன்ன முதல் விஷயம் அதுதான். சென்சார் பற்றி அப்புறம்தான் சொன்னார்.

தனசிங் முறையாகத் தொடங்கினார். சென்சாருக்கு மின்சாரம் வருகிறதா, தரைக்கம்பி சரியா, திரும்பிப் போகும் கம்பியில் துடிப்பு இருக்கிறதா. சென்சாரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார், பின்சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் சுழற்றினார். மீட்டரின் முள் ஒவ்வொரு சுற்றுக்கும் அழகாக ஆடியது. சென்சாரில் பழுதில்லை. பிறகு எஞ்சினிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டை, பெயிண்ட் அடித்த இடத்தில் இறுக்கப்பட்டிருந்ததைக் கண்டார். பெயிண்டைச் சுரண்டி மறுபடி இறுக்கினார்.

"பாத்தீங்களாக்கா, எம்மேல எவ்வளவு கோபம்," என்றான் பிராங்ளின் தெய்வம்மாவிடம். "என் பெயிண்டைச் சுரண்டிட்டாரு."

முள் நிமிர்ந்தது. தெய்வம்மா ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்து இருவருக்கும் கொடுத்தார். சில நாட்களில் முள் மறுபடி விழுந்தது.

இரண்டாம் முறை புதிய சென்சார் வாங்கிப் பொருத்தினார். அதுவும் சில நாள் நன்றாக ஓடியது. விழுந்தது. மூன்றாம் முறை, புதிதைக் கழற்றினார், துடைத்தார், மீட்டரில் வைத்தார். ஒரு பழுதும் இல்லை. திரும்பப் பூட்டியதும் முள் சாதுவாக எழுந்து நின்றது.

மறுநாளே ஊட்டிக்கு ஓட்டிப் போய்ச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்றான் பிராங்ளின். தனசிங் சாவியைத் தரவில்லை.

"அண்ணா, வண்டி ஓடுது. முள்ளு ஏறுது. வெளக்கு எரியுது. இன்னும் என்னத்தைத் தேடுறீங்க?"

"ஏன் சரியாச்சுன்னு சொல்லு, சாவியக் குடுத்துடறேன்."

"என் ஊட்டுக்காரி என்னை ஏன் கட்டிக்கிட்டான்னே எனக்கு இன்னும் தெரியாதுங்கண்ணா. அதுக்குன்னு குடும்பம் நடத்தாமயா இருக்கேன்?"

"அந்தப் பொண்ணும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கும்," என்றார் தனசிங்.

தெய்வம்மா சிரிக்கவில்லை. "ஏனுங்கண்ணா, டாக்டர்கிட்டப் போனாக்கூட மாத்திரை குடுத்து அனுப்பிடறாரு. நீங்க வண்டிக்கு நட்சத்திரம், ராசியெல்லாம் கேக்கறீங்க. பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது. அந்த மில்லுக்காரன் நேத்தும் லயத்துக்கு வந்துட்டுப் போனான்."

"இன்னிக்கு ஓடுதும்மா. புள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஏத்தத்துல போறப்ப அமுங்குனா? பின்னாடி லாரி வந்தா?"

அப்போது பிராங்ளின் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொரு வழி சொன்னான். "ஒரு சின்ன சர்க்யூட் இருக்குதுங்கக்கா. சக்கரம் சுத்துதோ நிக்குதோ, அது பாட்டுக்கு ஒரே சீரா சிக்னல் குடுத்துட்டே இருக்கும். கவர்னர் பொட்டி நம்பிக்கும். எத்தனை வண்டியில ஓடுது தெரியுங்களா? தனசிங்கண்ணன் கண்ணை மூடிக்கிட்டாப் போதும்."

தனசிங் தெய்வம்மாவின் முகத்தைப் பார்த்தார். தெய்வம்மா திரும்பி வேனின் பின்சீட்டுகளைப் பார்த்தார்.

"அதுல எம் மவளும் உக்காருதுடா," என்றார் பிராங்ளினிடம். பிறகு தனசிங்கிடம் திரும்பி, கோபம் குறையாமலே சொன்னார்: "தேடுங்க. ஆனா சீக்கிரம் தேடுங்க."

அதன் பிறகு தனசிங் ஒரு முடிவுக்கு வந்தார். கொட்டகையில் எப்போதும் நல்லபடியாக இருக்கிற நோயைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. வேனைக் கோத்தகிரி ஏற்றத்திலேயே திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும், பிள்ளைகளை ஏற்றும் ஒவ்வொரு இடத்திலும் நின்று கிளம்ப வேண்டும், முள் விழுந்த இடத்திலேயே வண்டிக்கு அடியில் போக வேண்டும். தெய்வம்மா ஓட்ட, தனசிங் பக்கத்தில் உட்கார, பிராங்ளின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு பாட்டுப் பாட, மூவரும் ஏறி இறங்கினார்கள். ஜூடித் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைச் சாலையோரத்தில் நின்றபடி சாப்பிட்டார்கள். முள் விழவேயில்லை. "நல்லா இருக்கறதுக்கு இப்படி வருத்தப்படற ஆளை நான் பாத்ததே இல்ல," என்றான் பிராங்ளின்.

விழுந்தது ஒரு பிற்பகலில். பனி இறங்கிக் கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருந்தது. ஒரு திருப்பத்தில் முள் நடுங்கத் தொடங்கியது. எஞ்சின் குரல் அமுங்கியது.

"ஓரங்கட்டு! எதையும் தொடாதே!"

தெய்வம்மா வண்டியை ஓரத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். பிராங்ளின் சக்கரத்துக்குக் கல் வைத்தான். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கு ஒன்று வேனில் கிடந்தது. அதை ஈரச் சாலையில் விரித்துத் தனசிங் அடியில் நுழைந்தார். சென்சாரைக் கழற்றினார். வழக்கம்போல் இடது கை தோளுக்குப் போனது. தோளில் துணி இல்லை.

"துணி எங்கே?"

"நான்தாங்கண்ணா எடுத்தேன். கண்ணாடி மறைக்குது. இருங்க, தொடச்சுட்டுத் தர்றேன்," என்றார் தெய்வம்மா.

துணிக்காகக் காத்திருந்த அந்தச் சற்று நேரத்தில் அவர் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. கையில் இருந்ததைப் பார்த்தார்.

சென்சாரின் மூக்கில் தாடி முளைத்திருந்தது. கறுப்பாக, மயிர்மயிராக, கிரீஸில் ஊறி நின்றது. ஃபாக்டரியில் தூள் பெட்டிக்குப் போகும் முன் ஒரு காந்தத்துக்கு அடியில் ஓடும். உருளைகள் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகள் அந்தக் காந்தத்தில் இதே மாதிரிதான் நிற்கும். அதை வழித்தெடுப்பது பல ஆண்டுகள் அவர் வேலை. அடையாளம் காண இரண்டாம் பார்வை தேவைப்படவில்லை.

"துணி வேணுமா வேண்டாமா?" என்று மேலிருந்து கேட்டார் தெய்வம்மா.

"வேண்டாம். எங்கிட்டக் குடுத்துடாதே," என்றார் தனசிங்.

பிறகு நடந்ததெல்லாம் எளிய கணக்கு. பழைய கியர்பாக்ஸில் சென்சார் வெளியே திருகப்பட்டு, ஒரு சின்னத் தண்டு அதைச் சுழற்றும். இதில் அப்படியில்லை. சென்சாரின் மூக்குக்குள் காந்தம் இருக்கிறது. அது ஒரு பல்வளையத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டு பற்களை எண்ணுகிறது. அதை ஒட்டினாற்போல ஹேண்ட்பிரேக் டிரம். சமவெளி ஓட்டுநர்கள் வண்டியைக் கொட்டகையில் விடும்போது மட்டும் ஹேண்ட்பிரேக்கைத் தொடுவார்கள். மலையில் பிள்ளை ஏறும் ஒவ்வொரு இடமும் சரிவு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அதை இழுக்க வேண்டும், சில நேரம் சக்கரம் முழுதாக நிற்பதற்கு முன்பே. டிரம் தேய்ந்து இரும்புப் பொடி பறக்கும். காந்தம் இழுத்த அந்தப் பொடியை உதிரவிடாமல் பிடித்து வைத்தது கிரீஸ். தாடி வளர வளர, சென்சாருக்குப் பற்கள் தெரியாமல் போயின.

கிரீஸ் வைத்தது தனசிங். இந்த மலையில் பனி எல்லாவற்றுக்குள்ளும் நுழையும் என்பதால் எந்த இணைப்பையும் கிரீஸ் அப்பாமல் யாரும் மூடுவதில்லை. அவரும் பழைய வண்டியில் செய்ததைப் போலவே சென்சாரை மூக்கிலிருந்து வால்வரை அப்பினார். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பார்ப்பதற்கு முன் துடைத்தார். அந்தத் துடைப்பே நோயை நீக்கியது, சாட்சியையும் நீக்கியது. பிறகு புதிய கிரீஸ் வைத்து நோயைத் திரும்பக் கொடுத்தார். எர்த் பட்டையும் புதிய சென்சாரும் வீணாகப் பெயர் வாங்கிக்கொண்டன.

அவர் படங்கில் படுத்தபடியே இதையெல்லாம் சொல்லி முடித்தார். பிராங்ளின் குனிந்து, நம்பாதவன்போல் கேட்டான்: "அப்ப என் எஞ்சின் மேல தப்பில்ல?"

"இல்ல."

"கியர்பாக்ஸ்?"

"இல்லடா."

"பின்ன யாருங்கண்ணா?"

"நான்தான். நானேதான் சரி பண்ணினேன், நானேதான் கெடுத்தேன். மாத்தி மாத்தி."

பிராங்ளின் சாலையிலேயே உட்கார்ந்து சிரித்தான். தெய்வம்மா கையில் துணியோடு, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றார். கடைசியில் இரண்டையும் செய்தார்.

தனசிங் சென்சாரின் மூக்கைச் சுத்தம் செய்து உலர்ந்தபடியே பூட்டினார். கிரீஸ் பின்பக்கப் பிளக்கோடு நின்றது. டிரம்முக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு வெட்டி வைத்தார். முள் எழுந்தது. முன்பும் ஒவ்வொரு முறையும் எழுந்ததுதான் என்று அவரே சொல்லி, இன்னும் பல நாள், இழுக்கத் தேவையில்லாத இடங்களில்கூட ஹேண்ட்பிரேக்கை இழுக்கச் சொல்லி ஏற்றத்தில் ஓட்ட வைத்தார். பிறகு சென்சாரைக் கழற்றித் துடைக்காமல் பார்த்தார். மூக்கு சுத்தமாக இருந்தது.

ஊட்டியில் ஆய்வாளர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். கவர்னர் பிடிக்க வேண்டிய வேகத்தில் பிடித்தது, விட வேண்டிய இடத்தில் விட்டது. பள்ளி திறப்பதற்கு முன் எஃப்.சி. கைக்கு வந்தது. லயத்தில் அந்த ஆண்டு எந்தப் பெண்ணும் படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போகவில்லை. மில் ஏஜெண்டு வேறு எஸ்டேட்டைப் பார்த்துப் போனான்.

இந்தக் கதையைக் குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பரப்பியவர் தனசிங்கேதான். பிராங்ளின் அடக்கி வாசித்தான். ஒரு நல்ல எலக்ட்ரீஷியனின் பெயர் கெடக் கூடாது என்று நினைத்திருக்கலாம். தனசிங் அப்படி நினைக்கவில்லை. யாராவது மெக்கானிக் டீ குடிக்க வந்தால் போதும், "கேளு, நான் ஒரு வண்டியை எப்படிக் கெடுத்தேன்னு" என்று தொடங்கிவிடுவார். ஜூடித் ஒருநாள், "ஊரெல்லாம் சொல்லி முடிச்சாச்சு, இனி ஞாயித்துக்கிழமை சர்ச்ல சாட்சி சொல்லுங்க," என்றாராம். ஆனால் இன்று இந்த வட்டாரத்தில் காந்த மூக்குச் சென்சாரில் கிரீஸ் வைப்பவர் யாரும் இல்லை. கழற்றியதை முதலில் பார்த்துவிட்டுத்தான் துடைக்கிறார்கள். ஒரு மனிதரின் தவறு இப்படி ஓர் ஊரின் அறிவாக மாறுவது அடிக்கடி நடப்பதில்லை. தன் தவறை ஒளிக்காத ஒருவர் இருந்ததால் நடந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தார் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. பெருமை என்ற சொல்லை நான் எளிதில் எழுதுகிறவன் இல்லை.

பள்ளி திறந்த அன்று காலை, பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தபோது, தனசிங் மேல் டிவிஷனுக்கு நடந்து வந்தார். கையில் மீட்டர் இல்லை, ஸ்பேனர் இல்லை. சலவைச் சட்டை. கடைசி சீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். குன்னூர்வரை போனார், கொட்டகையைத் தாமதமாகத் திறந்தார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். மழைக்காலம் முழுவதும், காலாண்டுத் தேர்வு வரும்வரை வந்தார்.

முள் விழுந்த காரணம் அவருக்குத் தெரியும். நோய் தீர்ந்தது என்பதும் தெரியும். அவர் வேகமுள்ளைப் பார்த்ததாகவும் யாரும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே தேயிலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். தெய்வம்மாவுக்கு மனத்தாங்கல்.

"ஏனுங்கண்ணா, இன்னும் வண்டி மேல நம்பிக்கை வரலையா? இல்ல, என் ஓட்டு மேலயா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தெய்வம்மா."

"எல்லாத்துக்கும் ஏன்னு கேக்கறவர் நீங்க. நீங்க ஏன் வர்றீங்க, அதைச் சொல்லுங்க."

"மணியாச்சு, வண்டிய எடும்மா," என்றார் தனசிங்.